ஒரு பேப்பர் பாக்கி

தெரு முழுக்க அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. காய்கறிக் கடைக்காரர், மாடி வீட்டு அம்மா, கட்டிய கணவன்கூட அப்படித்தான். அப்படிக் கூப்பிடாத ஒரே இடம் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடம். அங்கே அவள் 'உதவியாளர்'. பாலர் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும், மூக்கைத் துடைத்துவிடுவதும், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழாத பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும் அவள்தான். கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் வகுப்பாசிரியை என்று வேறொருத்தி வந்துகொண்டிருந்தாள். அவளும் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

புதிதாக வந்த தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இந்த வகுப்ப உங்களுக்கே குடுத்துடணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா பட்டம் இல்லாதவங்கள வகுப்பாசிரியையா போட முடியாது. லீவு முடிஞ்சு திறக்கறதுக்குள்ள சர்டிபிகேட்டக் காட்டிட்டீங்கன்னா இடம் உங்களுக்கு. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துடுவாங்க. அப்புறம் உதவியாளரும் தேவையில்லன்னு சொன்னாலும் சொல்லிடுவாங்க."

டீச்சர் படிக்காதவள் அல்ல. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். கடைசிப் பரீட்சை எழுத வேண்டிய காலையில் மகள் பிறந்துவிட்டாள். பிறகு மகளுக்குப் பல் முளைத்தது, நடை வந்தது, பேச்சு வந்தது; இப்போது பத்தாம் வகுப்பில் இருந்துகொண்டு அம்மாவையே எதிர்த்துப் பேசுகிறாள். அந்த ஒரு பேப்பர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"ஒரு பேப்பர்தானே?" என்றான் கணவன். டாக்ஸி ஓட்டுகிறவன், ஊரில் எந்த இடமும் அவனுக்குத் தூரம் கிடையாது. "நாளைக்குக் காலைல ஏர்போர்ட் சவாரி இருக்கு. எறக்கிவிட்டுட்டு வர்ற வழில வாங்கிட்டு வந்துடலாம்."

"வாங்கறதுக்கு அது என்ன பால் பாக்கெட்டா? எழுதணுங்க."

"எழுதிட்டு வா. நான் வண்டியில உக்காந்திருக்கேன்."

அவன் வண்டியில் உட்காரவில்லை. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் அவள் பின்னாலேயே வந்துவிட்டான்.

பல்கலைக்கழகத்தில் வரலாறு, இலக்கியம் எல்லாம் அடங்கிய மானுடப் புலத்தின் கட்டடம் நீளமானது. டீச்சர் படித்த காலத்தில் கீழ்த்தளம் முழுக்க வகுப்பறைகள். இப்போது அந்தக் கதவுகளில் 'விதிமுறைப் பிரிவு: விளக்கம்', 'விதிமுறைப் பிரிவு: திருத்தம்', 'விதிமுறைப் பிரிவு: திருத்தத்துக்கு விளக்கம்' என்று பலகைகள் தொங்கின. மாணவர் என்று ஒரு தலைகூடக் கண்ணில் படவில்லை. ஏசி மட்டும் உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தது.

கவுன்டருக்குப் பின்னால் விதிமுறை அலுவலர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தலையணை கனத்துக்கு ஒரு விதிப் புத்தகம். அதை அவள் திறக்கவில்லை. தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே பேசினாள்.

"மேஜர் என்ன, மைனர் என்ன, கான்சன்ட்ரேஷன் என்ன?"

டாக்ஸிக்காரன் முந்திக்கொண்டான். "மேஜர் நான்தான் மேடம். மைனர் எங்க பொண்ணு. கான்சன்ட்ரேஷன் ரெண்டு பேருக்குமே கிடையாது."

அலுவலர் சிரிக்கவில்லை. "குடும்ப விவரம் பக்கத்து கவுன்டர்," என்றாள்.

டீச்சர் கணவனின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "மேஜர் வரலாறு மேடம். மைனர் இலக்கியம். கான்சன்ட்ரேஷன், அதான் சிறப்புப் பாடம், பண்டைய உலகம். எல்லாம் முடிச்சிட்டேன். 'உலக வரலாறு அறிமுகம்'னு ஒரு பேப்பர் மட்டும் பாக்கி. முதல் வருஷம் டைஃபாய்டு வந்து எழுத முடியல. கடைசி வருஷம் எழுதலாம்னு இருந்தேன், அன்னைக்குப் பாத்து பிரசவம் ஆயிடுச்சு."

"அந்தப் பேப்பர் இப்ப இல்லையேம்மா. பிரிச்சுட்டோம்."

"எப்படிப் பிரிச்சீங்க?"

"'உலகம்' புவியியல் துறைக்குப் போயிடுச்சு. 'வரலாறு' இங்கயே இருக்கு. 'அறிமுகம்' இப்ப தனிப் பாடம். முதலாண்டுல இருக்கறவங்க மட்டும்தான் எழுதலாம்."

"அப்ப நான் முதலாண்டுலயே சேர்ந்துக்கறேன் மேடம்."

"நீங்க கடைசி ஆண்டுல இருக்கீங்க. அங்கேர்ந்து ஒரேயடியா முதலாண்டுக்குக் குதிக்க முடியாது. மூணாவதுலேர்ந்து ரெண்டாவது, ரெண்டாவதுலேர்ந்து முதல்னு படிப்படியாத்தான் போகணும். ஒவ்வொரு படிக்கும் ஒரு வருஷம் ஆகும்."

"பின்னாடி போறதுக்குமா வருஷம் ஆகும்?"

"வருஷம்னா வருஷம்தான். அது எந்தப் பக்கம் போகுதுன்னு விதியில இல்ல." அலுவலர் கணினியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "இன்னொரு சிக்கலும் இருக்கு. உங்க மைனர் உங்க மேஜரவிடப் பெருசா இருக்கு."

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "இலக்கியத்துல ரெண்டு பாடம் ஆசைப்பட்டுக் கூடுதலாப் படிச்சேன் மேடம்."

"ஆசைக்கெல்லாம் இங்க இடம் இல்லம்மா. மைனர் துணைப் பாடம், மேஜர் முதன்மைப் பாடம். துணை முதன்மையை மிஞ்சக்கூடாது."

"மைனர்னா கொஞ்சம் ஆட்டம் போடத்தான் மேடம் செய்வான்," என்றான் டாக்ஸிக்காரன்.

அதையும் அலுவலர் காதில் வாங்கவில்லை. மேஜர் ஆலோசகர், மைனர் ஒருங்கிணைப்பாளர், கான்சன்ட்ரேஷன் அமைப்பாளர் மூவரும் சம்மதித்தால் விஷயம் விதிவிலக்குக் குழுவுக்குப் போகும் என்று சொன்னாள்.

"விதிவிலக்குக்கும் விதி இருக்கா மேடம்?" என்று கேட்டாள் டீச்சர்.

அலுவலர் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "விதியைவிட அதிகமா இருக்கு," என்றாள்.

மாடியில் மூன்று அறைகள் வரிசையாக இருந்தன. மூன்று கதவுகளிலும் மூன்று பதவிகள். உள்ளே இருந்தது ஒரே ஆள். ஓய்வு பெற்றவர்களின் இடத்தை யாரும் நிரப்பாததால், வரலாற்றுப் பேராசிரியரின் தலையிலேயே எல்லாம் வந்து விழுந்திருந்தது. அலுவலகத்தில் அவருக்கு முச்சந்தி சார் என்று பெயர்.

முதல் அறையில் அவர் மேஜர் ஆலோசகர். டீச்சர் சொன்னதைத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "பிரசவ நேரத்துல பரீட்சையா! அடப்பாவமே. எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லம்மா. மைனர் ஒருங்கிணைப்பாளர் மட்டும் சரின்னுட்டா போதும். வாங்க, காட்டறேன்."

அவரே கூட்டிக்கொண்டு போய் இரண்டாவது அறையைத் திறந்தார். சுற்றிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்க. யாரு நீங்க? என்ன வேணும்?"

டீச்சர் கணவனைப் பார்த்தாள். கணவன் கூரையைப் பார்த்தான். அவள் டைஃபாய்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.

"மேஜர் ஆலோசகர் சம்மதிச்சுட்டாரா?" என்றார் முச்சந்தி சார் கடுமையாக. "அவருக்கென்ன, இளகின மனசு. யார் வந்து கண்ணக் கசக்கினாலும் சரிம்பாரு. விதிய ஒரு தடவையாவது முழுசாப் படிச்சிருக்காரான்னு கேளுங்க. உங்க மைனர் இந்த அளவுக்கு வீங்கியிருக்குன்னா அதுக்கு அவர்தான் பொறுப்பு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மூன்றாவது அறையில், அந்த இருவருக்கும் ஒத்துப்போகாததால் கான்சன்ட்ரேஷன் பக்கமிருந்து ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்தார்.

டாக்ஸிக்காரனால் பொறுக்க முடியவில்லை. "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்கு உள்ளேயே நீங்க ஒரு வார்த்தை பேசி முடிச்சுக்கக் கூடாதா?"

"வாய்ப் பேச்சு செல்லாதுப்பா. எழுத்துல போகணும்," என்றார் அவர். அங்கேயே ஒரு கடிதம் எழுதினார். ஊழியர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு வெளியே போனார். தாழ்வாரத்தில் நாலு எட்டு நடந்தார். அடுத்த அறையின் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பதில் அடுத்த வாரம் வந்தது. மறுத்திருந்தார். தம் கடிதத்தின் தொனி தம்மைப் புண்படுத்தியதாகவும் குறிப்பிட்டிருந்தார்.

வீட்டில் டீச்சர் இதைச் சொன்னபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். டீச்சரும் கூடச் சிரித்தாள். ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்துச் சுவரொட்டிகளைக் கழற்றி மடிக்கப் போனபோது, தலைமையாசிரியையின் அறை வாசலில் கோப்பும் கையுமாக ஒரு இளம்பெண் காத்திருப்பதைப் பார்த்தாள். நேர்முகத்துக்கு வந்தவள். பளிச்சென்று இருந்தாள். "இங்க பாலர் வகுப்பு எது அக்கா?" என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். டீச்சர் கையை நீட்டிக் காட்டினாள். அன்றைக்குச் சுவரொட்டிகளை மடிக்க முடியவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு பாலர் வகுப்பின் குட்டி நாற்காலி ஒன்றில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கணவனிடம், "விட்டுடலாங்க. பதினஞ்சு வருஷம் இல்லாம இருந்தாச்சு," என்றாள்.

"டீச்சர், நீ விட்டாலும் நான் விடறதா இல்ல. இந்த மாதிரி ஒரு இடத்த நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல," என்றான் அவன்.

அவன் தினமும் போய்க் கவுன்டரில் நின்றதில், மூவரும் சம்மதிக்காவிட்டாலும் குழுவுக்குப் போகலாம் என்று ஒரு விதிவிலக்கு இருப்பதாக அலுவலர் ஒத்துக்கொண்டாள். விதிவிலக்குக் குழு கூடியது. நீள மேசையின் தலைமாட்டில் புல முதல்வர். பக்கத்தில் விதிமுறை அலுவலர், அவளுக்கும் அவருக்கும் நடுவில் புத்தகம். எதிரே முச்சந்தி சார், தமக்காக ஒதுக்கப்பட்ட மூன்று நாற்காலிகளில் நடு நாற்காலியில். டீச்சரையும் கணவனையும் கதவோரம் உட்காரச் சொன்னார்கள்.

புல முதல்வர் எழுந்து நின்றார். மேடையில் பேசுகிறவர், மேடை இல்லாதபோதும் பேசுகிறவர்.

"மனிதனை மனிதனாகப் பார்க்கக் கற்றுத் தருவதே இந்தப் புலத்தின் உயிர்மூச்சு! அந்த உயரிய பணிக்கு இடையூறாக மனிதர்கள் அடிக்கடி நேரில் வந்து நிற்பது வருந்தத்தக்கது. பரவாயில்லை. வந்தாரை வரவேற்போம். நண்பர்களே, கடந்த ஓராண்டில் நாம் எழுபது விதிகளை இயற்றியிருக்கிறோம். பக்கத்துப் பொறியியல் புலத்தைப் பாருங்கள். அதே ஓராண்டில் அவர்களால் ஒரே ஒரு பாலம்தான் கட்ட முடிந்தது! மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், மாணவர்கள் நிறைந்திருந்த நாட்களில் விதிகளை இவ்வளவு நிம்மதியாக இயற்ற முடிந்ததா?"

அலுவலர் கைதட்டினாள். பிறகு புத்தகத்தைத் திறந்தாள். அவள் அதைத் திறப்பதை டீச்சர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இவங்க சேர்ந்தப்போ இருந்த விதி காலாவதி ஆயிடுச்சு. புது விதி புதுசா சேர்ந்தவங்களுக்குத்தான். அதனால இவங்களுக்கு எந்த விதியும் பொருந்தாது."

"எந்த விதியும் பொருந்தாத ஒருவர் எந்த விதியையும் மீறியிருக்க முடியாது!" என்றார் முதல்வர், தம் குரலில் தாமே மயங்கியவராக. "ஒரு விதியையும் மீறாத மாணவி! இப்படிப்பட்டவருக்குத் தராமல் வேறு யாருக்குத் தருவோம் பட்டம்?"

டீச்சருக்குப் புரியவில்லை. ஆனால் கணவன் அவள் கையை நறுக்கென்று கிள்ளியதிலிருந்து நல்ல செய்தி என்று தெரிந்தது.

அப்போது முச்சந்தி சார் துள்ளி எழுந்தார்.

"மேஜர் சார்பில் நான் ஆட்சேபிக்கிறேன்!" என்றார். வலப்பக்க நாற்காலிக்கு நகர்ந்தார். "மைனர் சார்பில் அதை வழிமொழிகிறேன்." இடப்பக்கத்துக்குத் தாவினார். "கான்சன்ட்ரேஷன் சார்பில் இரண்டையும் ஆதரிக்கிறேன்."

மூன்று ஓட்டுக்கு இரண்டு ஓட்டு. விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

டீச்சர் இத்தனை நாளும் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அன்று தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில், முச்சந்தி சாரை வழிமறித்து நின்றாள்.

"உங்களுக்கு நான் என்ன சார் கெடுதல் பண்ணேன்? அவங்களே குடுக்கறேன்னு சொல்றாங்க. நீங்க ஏன் சார் தடுக்கறீங்க? என் பொழப்பு சார் இது."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "என் பொழப்பும் இதுலதான்மா இருக்கு," என்றார்.

"புரியல சார்."

"ஒரு துறையில ஒரு மாணவராவது இருக்கணும். இல்லன்னா துறைய மூடிடுவாங்க. அதுவும் விதிதான். தத்துவத் துறை எப்படிப் போச்சு தெரியுமா? ஒரே ஒரு பையன் இருந்தான். தங்கமான பையன். நாங்க எல்லாரும் எவ்வளவோ சொன்னோம், கேக்கல. முதல் வகுப்புல பாஸ் பண்ணிட்டான். அன்னிக்கே பூட்டிட்டாங்க." அவர் மூக்கை உறிஞ்சினார். "போன வருஷம் இலக்கியம் போச்சு. ரெண்டு பொண்ணுங்க. ரெண்டும் ஒரே நாள்ல."

"ஐயோ," என்றான் டாக்ஸிக்காரன், தன்னை அறியாமல்.

"வரலாற்றுல இப்ப யாரும் சேர்றதில்ல. இந்த ஏழெட்டு வருஷமா இருக்கறது நீங்க ஒருத்தர்தாம்மா. ஒரு பேப்பர் பாக்கி வச்சிட்டுப் போனீங்களே, அந்த ஒரு பேப்பர்தான் இந்தத் துறையத் தாங்கிட்டு நிக்குது. நீங்க படிச்சுட்டுப் போனப்புறம்தான் நான் இங்க வந்தேன், உங்களை நான் பாத்ததே இல்ல. ஆனா ஒவ்வொரு வருஷமும் உங்க பேரு இருக்கான்னு பாத்துட்டுத்தான் மூச்சு விடுவேன். அன்னைக்கு நீங்களே வந்து முன்னால நின்னப்ப துறைக் கதவப் பூட்டற சத்தமே எனக்குக் கேட்டுது. எனக்கு வேற எந்த வேலையும் தெரியாதும்மா."

டீச்சருக்குக் கோபம் வடிந்துவிட்டது. அதுதான் அவளுடைய கஷ்டம். யார் அழுதாலும் முதலில் கைக்குட்டையைத் தேடுகிறவள். ஆனால் நேர்முகத்துக்கு வந்த அந்தப் பெண்ணின் முகமும் மனசில் இருந்தது.

"அதுக்காக நான் ஆயுசுக்கும் பாஸ் பண்ணாம இருக்க முடியுமா சார்?"

"முடியாதுதான்," என்றார் அவர் பரிதாபமாக.

டாக்ஸிக்காரன் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினான்.

"சார், உங்களுக்கு ஒரு ஆள்தானே வேணும்?" என்றான் டாக்ஸிக்காரன். "நான் பன்னெண்டாவது பாஸ். மத்தியானம் ஸ்டாண்டுல சும்மாத்தான் உக்காந்திருக்கேன். என்னை சேத்துக்குங்களேன்."

"ஏங்க, விளையாடாதீங்க," என்றாள் டீச்சர்.

"விளையாடல டீச்சர். எப்படியும் தினம் இங்க வந்துட்டுத்தானே இருக்கேன்? பார்க்கிங்கூட இப்ப எனக்குன்னு ஒரு இடம் ஆயிடுச்சு."

முச்சந்தி சார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு ஓடினார். அந்த வயதில் அவரால் அப்படி ஓட முடியும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. முதல் அறையில் ஒரு கையெழுத்து, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று. மைனர் ஒருங்கிணைப்பாளர் இந்தத் தடவை டீச்சரின் மைனரை 'போற்றத்தக்க வளர்ச்சி' என்று பாராட்டியே எழுதியிருந்தார்.

பட்டத்தை அப்படியே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். டீச்சர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "சும்மா வாங்கினா பிள்ளைங்க முன்னால நிக்கும்போது எனக்கு உறுத்தும் சார். பரீட்சை வைங்க, எழுதறேன்," என்றாள்.

பரீட்சை வைப்பது எப்படி என்று விதிமுறைப் பிரிவில் யாருக்கும் நினைவில்லை. கடைசியில் மிச்சமிருந்த ஒரே வகுப்பறையில் பழைய விதிப் புத்தகக் கட்டுகளை ஓரமாக நகர்த்தி ஒரு பெஞ்சுக்கு இடம் பண்ணினார்கள். டீச்சர் இரண்டு வாரம் விடியற்காலையில் எழுந்து படித்திருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். தப்பாகச் சொன்னபோது, அம்மா தன்னிடம் போடும் அதே அதட்டலை அம்மாவிடம் போட்டாள். பரீட்சை அன்று காவலுக்கு நின்ற விதிமுறை அலுவலர், நடுவில் ஒருமுறை டீச்சரின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று எழுதுவதை எட்டிப் பார்த்தாள். "நானும் வரலாறுதாம்மா படிச்சேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய் மறுபடி விறைப்பாக நின்றுகொண்டாள்.

டீச்சர் நல்ல மதிப்பெண் வாங்கினாள். பள்ளி திறந்த அன்று சம்பளப் பதிவேட்டில் அவள் வகுப்பாசிரியை. வழக்கம்போல் மூக்கைத் துடைத்துவிட்டாள். வழக்கம்போல் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதை சொன்னாள். மாலையில் கையெழுத்தையும் அவளே போட்டாள். போட்ட பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்ஸிக்காரனுக்கு மேஜர் வரலாறு, மைனர் புவியியல். மைனர் எடுத்திருக்கிறான் என்று தெரிந்ததும் ஸ்டாண்டில் எல்லோரும் அவனை 'மைனர்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கேற்ற மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கி மாட்டிக்கொண்டான்.

முதல் நாள் வகுப்பில் ஒரு பெஞ்சு, ஒரு மாணவன். முச்சந்தி சார் மூன்று தடவை வருகைப் பதிவு எடுத்தார். ஒவ்வொரு பதவிக்கும் ஒன்று. பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்து முதல் அத்தியாயத்தைப் படித்தார். ஒரு மணி நேரம் படித்தார். அவன் கொட்டாவியை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார், நாலு மணிக்கு ஸ்டேஷன் சவாரி இருக்கு. வரலாறு எப்ப சார் ஆரம்பிக்கும்?"

அவர் திகைத்துப்போனார். வருஷக்கணக்கில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. புத்தகத்தை மூடினார். மேசை இழுப்பறையில் தேடி ஒரு சாக்பீஸ் துண்டைக் கண்டுபிடித்தார். பலகையில் ஒரு ஆற்றை வரைந்தார், கோணல்மாணலாக. "இந்த ஆத்தங்கரையில ஒரு ராஜா இருந்தான்," என்றார். முதலில் தொண்டை கரகரத்தது. ராஜாவுக்குப் படை வந்தது, பஞ்சம் வந்தது, பக்கத்து நாட்டுக்காரன் வந்தான். குரல் ஏறியது. கை தானாக வீசியது. பக்கத்து அறைகளில் இருந்த விதிமுறைப் பிரிவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கதவோரம் நின்றார்கள். ஸ்டேஷன் சவாரிக்காரர் போன் பண்ணிப் பண்ணி ஓய்ந்து வேறு வண்டியில் போனார்.

அன்று இரவு சாப்பாட்டில் டாக்ஸிக்காரன் வாயை மூடவில்லை. கை கழுவும்போதே ஆரம்பித்தவன் படை, பஞ்சம், கோட்டை முற்றுகை என்று அவிழ்த்துக்கொண்டே போனான். டீச்சர் இதையெல்லாம் எப்போதோ படித்தவள். ஆனாலும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டாள். மகள் சாப்பிடுவதை மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"அப்புறம்? கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்ட ராஜா என்னப்பா ஆனாரு?"

டாக்ஸிக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அது ரெண்டாம் வருஷப் பாடம்மா. முன்தகுதி இல்லாதவங்ககிட்ட அதையெல்லாம் சொல்லக்கூடாது."

மகள் அம்மாவைப் பார்த்தாள். டீச்சர் அவன் தட்டுக்கு நீட்டிய கரண்டியைத் திரும்பப் பாத்திரத்திலேயே வைத்து, மூடியையும் போட்டு மூடினாள்.

"இந்த வீட்டுல ரெண்டாவது தடவை பரிமாறறதுக்கும் முன்தகுதி இருக்கு."

"என்னது அது?"

"கதைய முடிக்கணும்."

அவன் மூடியைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். தன் காலித் தட்டைப் பார்த்தான்.

"ராஜாவ மந்திரியே காட்டிக் குடுத்துட்டான்," என்று தட்டை நீட்டினான்.